முழங்காலில் ‘டக்’ எண்டு சத்தம்: டிஸ்கொய்ட் மெனிஸ்கஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். பிசியோ என்றால்தான் சனத்துக்கு விளங்கும். கிளினிக்கில், கோயில் வீதியில், கலியாண வீட்டுப் பந்தியில் என்று எங்கே போனாலும் முழங்காலைப் பற்றி ஒரே சந்தேகங்கள்தான் வரும். அதிலும் ‘டிஸ்கொய்ட்’ என்ற சொல் ஸ்கான் துண்டில் வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை. அந்தக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்த டொக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். நான் உங்கள் பிள்ளையின் காலைப் பார்க்கவில்லை.

மெனிஸ்கஸ் எண்டால் என்ன? எலும்போ, சவ்வோ?

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் இருக்கும் கசியிழையத் துண்டு. ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு உண்டு, உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. மேலிருந்து பார்த்தால் பிறை வடிவம். வெளி ஓரம் தடிப்பு, உள் விளிம்பு மெல்லிசு. தொடை எலும்பின் அடி உருண்டை, அதைத் தாங்கும் கீழெலும்பின் தலையோ கிட்டத்தட்டத் தட்டை. உருண்டையைத் தட்டையில் வைத்தால் பாரம் எல்லாம் ஒரு புள்ளியில்தான் இறங்கும். அந்த இடைவெளியை நிரப்பிப் பாரத்தைப் பரப்பிவிடுவதுதான் மெனிஸ்கஸின் வேலை. முழங்காலின் வெளிப்பக்கத்தில் இறங்கும் பாரத்தில் ஏறக்குறைய 70 வீதத்தை வெளி மெனிஸ்கஸ் தாங்குகிறது. இந்த 70ஐ மறக்காதீர்கள், கீழே தேவைப்படும்.

எங்கள் பள்ளிப் புத்தகத்தில் கசியிழையம் என்பதும் இந்தியத் தமிழ் வீடியோக்களில் குருத்தெலும்பு என்பதும் ஒன்றுதான். சனம் பொதுவாக “சவ்வு கிழிஞ்சிட்டுது” என்கிறது. அதில் ஒரு சிக்கல் உண்டு. எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் லிகமென்டையும் சவ்வு என்றே சொல்கிறோம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. யாராவது சவ்வு என்றால் எந்தச் சவ்வு என்று கேட்டுவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்திருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் மெனிஸ்கஸுக்கு வாயில் நுழையும் ஒரு சொல் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லையே என்பது எனக்கு ஒரு மனக்குறை.

ஸ்கான் துண்டில ‘டிஸ்கொய்ட்’ எண்டு எழுதியிருக்கு. இது என்ன வருத்தம்?

இதை வருத்தம் என்று நான் சொல்லமாட்டேன், வடிவ வித்தியாசம் என்பேன். உளுந்து வடையை ஒரு பக்கம் கடித்துவிட்டு வைத்தால் எப்படி இருக்கும்? நடுவில் ஓட்டை, ஒரு பக்கம் திறந்திருக்கும். சாதாரண மெனிஸ்கஸ் அப்படித்தான். டிஸ்கொய்ட் மெனிஸ்கஸ் பருத்தித்துறை வடை மாதிரி, நடுவும் மூடிய முழுத் தட்டு. ஒன்று மட்டும் பொருந்தாது: பருத்தித்துறை வடை மெல்லிசு, இது வழமையான மெனிஸ்கஸைவிடத் தடிப்பு. அநேகமாக எப்போதும் வெளிப்பக்க மெனிஸ்கஸில்தான் வரும். உள்பக்கத்தில் காண்பது மிக அரிது.

1889இல் யங் என்பவர் இறந்த உடலொன்றின் முழங்காலில் இதைக் கண்டு எழுதினார். பிறகு ஜப்பானிய வைத்தியர் வட்டனாபே இதை மூன்று வகையாகப் பிரித்தார். முழுத் தட்டு, அரைகுறைத் தட்டு, மூன்றாவது றிஸ்பேர்க் வகை. மூன்றாவதில் வடிவம் பெரிதாகப் பிழைத்திருக்காது. ஆனால் பின்பக்கத்தில் எலும்போடு பிடித்திருக்க வேண்டிய பிடிப்பு இருக்காது, றிஸ்பேர்க் என்ற ஒரு லிகமென்ட் மட்டும் பிடித்திருக்கும். நங்கூரம் கழன்ற வள்ளம் மாதிரி அது அங்குமிங்கும் ஓடும்.

பிறக்கேக்கையே இருந்ததோ? வயித்தில இருக்கேக்க நான் ஏதும் பிழை விட்டனோ?

பிறப்பிலேயே இருந்ததுதான், ஆனால் நீங்கள் எந்தப் பிழையும் விடவில்லை. சாப்பாடோ, மருந்தோ, மாசமாக இருக்கும்போது படியேறியதோ இதற்குக் காரணம் இல்லை. இந்தக் கேள்வியை அம்மாமார் மட்டும்தான் கேட்கிறார்கள். ஒரு அப்பாவும் இதுவரை கேட்டதில்லை.

கருவில் எல்லோருக்கும் மெனிஸ்கஸ் தட்டாக இருந்து பிறகு நடுப்பகுதி கரைகிறது, சிலருக்குக் கரையாமல் நின்றுவிடுகிறது என்று 1948இல் ஸ்மைலி என்ற வைத்தியர் சொன்னார். பின்னர் கருக்களை ஆராய்ந்தவர்கள் அப்படி ஒரு தட்டுப் பருவத்தைக் காணவில்லை. 1957இல் கப்லான் என்ற வைத்தியர் அதை மறுத்து எழுதினார். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்குக் கண்டதும் உண்டு. மேற்கு நாடுகளில் 100 பேருக்கு 3 முதல் 5 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். கிழக்காசியாவில் அதைவிடக் கூட. பலர் ஆயுள் முழுக்க அதோடு நடந்து, சைக்கிள் ஓடி, தோட்டம் கொத்தி, தெரியாமலே போய்ச் சேருகிறார்கள்.

மகனுக்கு ஏழு வயசு. கால் மடக்கி நீட்டேக்க ‘டக்’ எண்டு சத்தம் கேக்குது, நோ இல்லை. பயப்பிட வேணுமோ?

சத்தத்துக்கு மட்டும் பயப்பட வேண்டாம். முழங்கால்கள் பல காரணத்துக்குச் சத்தம் போடும். விரல் சொடக்கு மாதிரி ‘சடக்’ என்பதும், படியேறும்போது ‘கறகற’ என்பதும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. டிஸ்கொய்ட் சத்தம் வேறு. ‘டொக்’ என்று கனமாக, உள்ளே ஏதோ இடம் மாறியது போல வரும். வெளிப்பக்கத்தில் கையை வைத்தால் கைக்கும் தெரியும், சிலவேளை கண்ணுக்கும் தெரியும். தடித்த தட்டு எலும்புகளுக்கு நடுவில் நழுவி உட்காரும் சத்தம் அது. மேலே சொன்ன றிஸ்பேர்க் வகையில் இது கூட. ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில்தான் அநேகமாக முதலில் கவனிப்பார்கள்.

நோவும் வீக்கமும் இல்லை, கால் முழுசாக நிமிர்கிறது என்றால் ஒருமுறை டொக்டரிடம் காட்டிவிட்டுப் பிள்ளையை விளையாட விடலாம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெடியனின் தாய் இதே சத்தத்தைச் சொன்னபோது “வளர்ச்சி நோ அம்மா, போகப் போகச் சரியாகும்” என்று அனுப்பிவிட்டேன். சத்தத்தைக் கேட்டேன், கால் நிமிர்கிறதா என்று பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து அந்தப் பெடியன் ஒரு காலைக் கொஞ்சம் மடித்தபடியே நடந்து வந்தான். அன்றிலிருந்து யார் முழங்கால் என்று வந்தாலும் நான் முதலில் கேட்பது “நிமிருதா?” என்பதைத்தான்.

அப்ப நிமிருதோ இல்லையோ எண்டு வீட்டில எப்பிடிப் பாக்கிறது?

பிள்ளையைக் கட்டிலில் குப்புறப் படுக்க விடுங்கள். முழங்கால் சிரட்டை கட்டில் விளிம்பைத் தாண்டி, கீழ்க்கால் இரண்டும் வெளியே நிற்க வேண்டும். காலைத் தளரவிடச் சொல்லுங்கள். பின்னால் போய்க் குனிந்து இரண்டு குதிக்காலும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மேலே நின்றால் அந்த முழங்கால் முழுதாக நிமிரவில்லை. ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு பாகை. ஒரு சென்ரிமீற்றருக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம். நாலைந்து வந்தால், அல்லது போன மாதத்தைவிடக் கூடினால், டொக்டரிடம் போங்கள்.

இன்னொரு வழி பள்ளிக்கூடத்தில் கிடைக்கும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை பழக்கும்போது ஒரு காலை மட்டும் மடித்து வைக்கும் பிள்ளையை விளையாட்டு ரீச்சரின் கண் பிடித்துவிடும். ரீச்சர் சொன்னால் “அவன் சோம்பல்” என்று தட்டிவிடாதீர்கள்.

ஒருநாளும் விழேல்லை, அடிபடேல்லை. பிறகு எப்பிடிக் கிழிஞ்சது?

அடிபட வேண்டிய தேவையே இல்லை. சாதாரண மெனிஸ்கஸில் கொலாஜன் நார்கள் வரிசையாக, வட்டமாக ஓடும், பாய் பின்னியது மாதிரி. டிஸ்கொய்டில் அந்த நார்கள் குறைவு, வரிசையும் குழம்பிக் கிடக்கும். தடிப்பாக இருப்பதால் அது கூடுதலாக நசிபடும். எலும்பு உருளும்போது நடுவில் அகப்பட்டு இழுபடும். வருடக்கணக்காக இப்படி நடந்து ஒருநாள் கதிரையில் இருந்து எழும்பும்போது, அல்லது வலைப்பந்தில் ஒரு காலில் திரும்பும்போது கிழியும். அந்த நாளில் செய்ததைப் பழி சொல்வோம். உண்மையில் அது கடைசி நூல்.

கிழிவும் வித்தியாசமானது. பெரும்பாலும் கிடையாக, பணிஸை நடுவால் பிளந்தது மாதிரி மேல் பாதி கீழ் பாதியாகப் பிரியும். வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும், உள்ளே பிளவு இருக்கும். ஓரத்தில் கழன்று போவதும் உண்டு.

கிழிஞ்சது தன்பாட்டில ஒட்டாதோ? எலும்பே ஒட்டுதே?

எலும்புக்கு எங்கும் இரத்தம் ஓடுகிறது. மெனிஸ்கஸுக்கு அப்படியில்லை. பிறக்கும்போது முழுவதற்கும் இரத்த ஓட்டம் இருக்கும். பத்து வயதளவில் அது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். வளர்ந்தவருடைய வெளி மெனிஸ்கஸில் ஓரத்து 10 முதல் 25 வீதத்துக்குத்தான் இரத்தம். ஓரத்தில் வந்த சின்னக் கிழிவு, அதுவும் சிறு பிள்ளைக்கு, ஒட்டக்கூடும். தையல் போட்டால் இன்னும் நல்லாக ஒட்டும். நடுவில் வந்த கிழிவு ஒட்டாது. ஒட்டாவிட்டாலும் எல்லாக் கிழிவும் நோகாது. கிழிவோடு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

எக்ஸ்றேயில ஒண்டும் இல்லை எண்டிட்டினம். பிறகேன் எம்.ஆர்.ஐ.?

எக்ஸ்றேயில் எலும்புதான் தெரியும், கசியிழையம் தெரியாது. இருந்தாலும் சில சாடைகள் கிடைக்கும். வெளிப்பக்க இடைவெளி அகன்றிருப்பது, தொடை எலும்பின் வெளிக் குமிழ் உருண்டையாக இல்லாமல் சற்றுச் சதுரமாக இருப்பது போன்றவை. இவை இல்லையென்றால் டிஸ்கொய்ட் இல்லை என்று அர்த்தமில்லை. பிள்ளைகளின் எக்ஸ்றே பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். வேறு எலும்புப் பிரச்சினை இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் முதலில் எக்ஸ்றே.

எம்.ஆர்.ஐ. முழங்காலைப் பாண் வெட்டுவது போலத் துண்டு துண்டாகக் காட்டும். ஒரு துண்டு 5 மில்லிமீற்றர் என்று வைத்தால், முன்னும் பின்னும் சேர்ந்து ‘போ டை’ (வண்ணத்துப்பூச்சி மாதிரிக் கழுத்துப்பட்டி) வடிவம் சாதாரண மெனிஸ்கஸில் இரண்டு துண்டில் தெரியும். மூன்று துண்டிலோ கூடவோ தொடர்ந்து தெரிந்தால் டிஸ்கொய்ட் என்று சந்தேகிப்பார்கள். றிஸ்பேர்க் வகை இதிலும் தப்பிவிடும், ஏனென்றால் அதன் வடிவம் சரி, பிடிப்புத்தான் பிழை. அதற்குத் தொட்டுப் பார்க்கும் கைதான் வேண்டும்.

றிப்போட்டில ‘கிறேட் 2 சிக்னல்’ எண்டு போட்டிருக்கு. கிறேட் 2 எண்டால் பாதி கிழிஞ்சதோ?

இல்லை. மெனிஸ்கஸுக்கு உள்ளே நிறம் மாறித் தெரிகிறது, ஆனால் அந்த மாற்றம் மேற்பரப்பைத் தொடவில்லை என்பதுதான் கிறேட் 2. மேற்பரப்பைத் தொட்டால் கிறேட் 3, அதைத்தான் கிழிவு என்பார்கள். பிள்ளைகளில் இரத்த ஓட்டம் கூட இருப்பதாலேயே கிறேட் 2 மாதிரித் தெரியும். ஆனால் டிஸ்கொய்டில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். மேலே சொன்ன பணிஸ் பிளவு உள்ளுக்குள்ளேயே இருந்துவிட்டு ஸ்கானில் கிறேட் 2 போலக் காட்டலாம். ஸ்கானும் காலும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது டொக்டரின் வேலை.

ஸ்கானில டிஸ்கொய்ட் இருக்கு. ஆனா மகளுக்கு நோ முன்பக்கம், சிரட்டைக்குக் கீழ. அதுக்கும் இதுதானோ காரணம்?

நல்ல கேள்வி. பெரும்பாலும் இல்லை. டிஸ்கொய்ட் நோ முழங்காலின் வெளிப்பக்க மூட்டுக் கோட்டில் வரும். சிரட்டைக்குக் கீழே, எலும்பு புடைத்த இடத்தில் விரலால் அமத்தினால் நொந்தால், ஓடிப் பாயும் வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஒஸ்கூட் ஷிளாட்டர் என்பதாக இருக்கலாம். அது ஓய்வில் ஆறும். நோவுக்குக் காரணம் வேறு, ஸ்கானில் அகப்பட்டது டிஸ்கொய்ட் என்று அடிக்கடி நடக்கிறது. அகப்பட்டதற்கெல்லாம் கத்தி வைக்கக்கூடாது.

இடுப்பு மூட்டில் பிரச்சினை இருந்து முழங்காலில் நோகும் பிள்ளைகளும் உண்டு. முழங்கால் என்று போனாலும் இடுப்பையும் ஆட்டிப் பார்க்கும் டொக்டர் நல்ல டொக்டர்.

புக்கை கட்டி எண்ணெய் போட்டால் சரிவராதோ? அப்பப்பாவின்ர முழங்கால் அப்பிடித்தானே சுகமானது.

எண்ணெய் பூசுவதாலோ சூட்டு ஒத்தணத்தாலோ தசைப் பிடிப்பும் நோவும் குறையும். அதை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. எங்கள் முறிவு நெரிவு வைத்தியர்களிடம் நல்ல கை உண்டு. ஆனால் தட்டைப் பிறையாக்கும் எண்ணெய் கிடையாது. புதிதாக வீங்கிச் சூடாக இருக்கும் முழங்காலுக்குச் சூடு வேண்டாம், ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு. நிமிராமல் பூட்டுப்பட்ட காலை “இழுத்து விடுறன்” என்று சொல்லி ஒருவர் பிடித்து அமத்துவது. கதவிடுக்கில் கல் சிக்கினால் கதவை இடித்துச் சாத்துவோமா? கிழிந்த துண்டு நடுவில் நிற்கும்போது அமத்தினால் துண்டும் கிழியும், எலும்பின் மேல் படிந்த கசியிழையமும் உரசுப்படும். யார் கேட்டாலும், நானே கேட்டாலும், பூட்டுப்பட்ட காலை அமத்த விடாதீர்கள்.

சரி, ராத்திரி திடீரெண்டு கால் பூட்டுப்பட்டால் என்ன செய்யிறது?

பிள்ளைக்கு எந்த வாக்கில் நோகவில்லையோ அந்த வாக்கில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்க விடுங்கள். ஐஸ் வையுங்கள். சிலவேளை தசை தளர்ந்ததும் தானாக விடுபடும். விடுபட்டாலும் அடுத்த நாள் காட்டுங்கள். விடுபடாவிட்டால் விடிந்ததும் போங்கள்.

காய்ச்சலோடு முழங்கால் வீங்கிச் சூடாகி, பிள்ளை காலை அசைக்கவே விடவில்லை என்றால் விடியும்வரை இருக்க வேண்டாம். அது மெனிஸ்கஸ் சம்பந்தமே இல்லாத மூட்டுக் கிருமித் தொற்றாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

குந்தலாமோ? சப்பாணி கட்டி இருக்கலாமோ? நல்லூர்த் திருவிழா வருகுது.

நோ இல்லாத டிஸ்கொய்டுக்கு எந்தத் தடையும் இல்லை. குந்தட்டும், இருக்கட்டும், கிளித்தட்டும் விளையாடட்டும். நோவும் வீக்கமும் இருக்கும் காலத்தில் ஆழமாகக் குந்துவதையும், குந்தியபடி திரும்புவதையும் தவிர்க்கச் சொல்வேன். முழங்கால் முழுதாக மடங்கும்போது மெனிஸ்கஸின் பின்பகுதிதான் நசிபடும். குந்தும் மலசலகூடம் உள்ள வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். நடு ஓட்டை வெட்டிய பிளாஸ்ரிக் கதிரையை மேலே வைத்துச் சமாளித்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். கதிரை ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். கோயிலில் அங்கப்பிரதட்சணை, அடியழிப்பு எல்லாம் அடுத்த வருடத்துக்கு நேர்ந்து வைக்கலாம். முருகன் கோபிக்கமாட்டார்.

ஒப்பரேசன் கட்டாயமோ?

சத்தம் மட்டும் இருந்தால் வேண்டாம். ஸ்கானில் தற்செயலாக அகப்பட்டது என்றால் வேண்டாம். இடைக்கிடை லேசான நோ இருந்தால் முதலில் சில மாதம் தொடைத் தசையைப் பலப்படுத்திப் பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதை அமத்தித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுவது. பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. இவ்வளவு சின்ன வேலை என்பதாலேயே யாரும் செய்வதில்லை.

கால் நிமிரவில்லை, அடிக்கடி பூட்டுப்படுகிறது, வீக்கம் வந்து வந்து போகிறது, நோவால் விளையாட்டும் நடையும் குறைகிறது என்றால் ஒப்பரேசனைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். குதிக்கால் சோதனையில் வித்தியாசம் கூடிக்கொண்டு போனால் பரீட்சை முடியட்டும் என்று மாதக்கணக்காக இழுத்தடிக்க வேண்டாம்.

ஒப்பரேசனில என்ன செய்வினம்? முழுசா வெட்டித் திறப்பினமோ?

இல்லை. முழங்காலில் இரண்டு மூன்று சின்னத் துளை போட்டு, ஒன்றில் கமராவும் மற்றதில் கருவியும் விட்டுச் செய்வார்கள். இந்தக் கமரா வித்தையே ஜப்பானில் வளர்ந்தது. 1918இல் தக்காகி சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயை இறந்த உடலின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய மாணவர் வட்டனாபே, மேலே மூன்று வகை பிரித்தாரே அவரேதான், 1962இல் கமராவழி மெனிஸ்கஸ் துண்டொன்றை முதன்முதலில் வெட்டி எடுத்தார்.

டிஸ்கொய்டுக்குச் செய்வது நடுவைக் குடைந்து பிறையாக்குவது. பருத்தித்துறை வடையைக் கடித்த உளுந்து வடையாக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஏறக்குறைய 6 முதல் 8 மில்லிமீற்றர் அகலம் விடுவார்கள். பிறகு மிச்சம் இருக்கும் ஓரம் ஆடுகிறதா என்று கொக்கியால் இழுத்துப் பார்ப்பார்கள். ஆடினால் தையல் போட்டு மூட்டு உறையோடு பிடித்துவைப்பார்கள். றிஸ்பேர்க் வகைக்குத் தையல்தான் முக்கியம், வெட்டுவது குறைவு. ஒப்பரேசனுக்கு முன் டொக்டரிடம் “ஓரம் ஆடினால் தைப்பீங்களோ?” என்று கேளுங்கள். உங்களுக்கு விசயம் தெரியும் என்று அவருக்கும் விளங்கும்.

முழுசா எடுத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லைத்தானே? சித்தப்பாவுக்கு அந்தக் காலத்தில அப்பிடித்தான் எடுத்தவை.

அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். மெனிஸ்கஸ் ஒரு தேவையில்லாத மிச்சசொச்சம் என்று நினைத்திருந்தார்கள். 1948இல் பெயர்பாங்க் என்பவர் மெனிஸ்கஸ் எடுத்தவர்களின் எக்ஸ்றேக்களைப் பார்த்து, இடைவெளி ஒடுங்கி எலும்பு தட்டையாகி வருவதை எழுதினார். அதற்குப் பிறகும் உலகம் திருந்தப் பல வருடம் எடுத்தது.

முதலாவது பதிலில் 70 வீதம் என்று சொன்னேனே, அதை எடுத்துவிட்டால் அந்தப் பாரம் எங்கே போகும்? நேரே எலும்பின் கசியிழையத்தில் இறங்கும். வெளிப்பக்கத்தில் கீழெலும்பின் தலை சற்றுக் குமிழாகவே இருப்பதால் இரண்டு உருண்டைகள் முட்டும் நிலை வரும், தேய்வும் கெதியாக வரும். பத்து வயதில் எடுத்தால் முப்பது நாற்பதிலேயே மூட்டுத் தேய்வு. சித்தப்பாவின் கால் இப்போது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு முழுசாக எடுப்பது வேறு வழியே இல்லாதபோதுதான்.

எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகேலாது? சைக்கிள் எப்ப ஓடலாம்?

இரண்டு கணக்கு இருக்கிறது. குடைந்தது மட்டும் என்றால் ஒன்றிரண்டு கிழமை ஊன்றுகோலோடு நடந்து, பிறகு அது இல்லாமல் நடக்கலாம். வீக்கம் வடிந்து முழங்கால் நல்லாக மடங்கினால் ஒரு மாதமளவில் தட்டை வீதியில் சைக்கிள். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இறக்கம் இல்லாதது நாங்கள் செய்த புண்ணியம். ஓட்டம், பந்து எல்லாம் ஏறக்குறைய மூன்று மாதத்தில்.

தையல் போட்டிருந்தால் பொறுமை வேண்டும். நாலு முதல் ஆறு கிழமை பாரம் குறைத்து, காலுக்கு பிறேஸ் போட்டு, 90 பாகைக்கு மேல் மடக்காமல் இருக்கச் சொல்வார்கள். குந்துவது நாலு மாதத்துக்குப் பிறகு. விளையாட்டு நாலு முதல் ஆறு மாதம். உங்கள் டொக்டர் கொடுக்கும் கணக்கு இதைவிட முன்பின் இருக்கலாம், எங்கே எத்தனை தையல் என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வரும்போது துண்டில் தையல் போட்டதா இல்லையா என்று எழுதி வாங்கி வாருங்கள். அது தெரியாமல் என்னிடம் வரும் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்க எனக்குக் கை வராது.

மகன் கிரிக்கெட் ரீமில இருக்கிறான். மார்ச்சில பிக் மட்ச். மூண்டு மாதம் எண்டு சொன்னீங்கள், ரெண்டரை மாதத்தில விடேலாதோ?

நாட்காட்டியைப் பார்த்து விடுவதில்லை. வீக்கம் இல்லாமல், கால் முழுசாக நிமிர்ந்து, தொடைச் சுற்றளவு மற்றக் காலோடு கிட்டத்தட்ட ஒத்து, ஒற்றைக் காலில் பாய்ந்து ஆடாமல் நிற்க முடிந்தால் விடலாம். அது ரெண்டரை மாதத்திலும் வரலாம், நாலு மாதத்திலும் வரலாம். வடக்கின் பெரும் போர் என்ற கிரிக்கெட் மட்ச் 1904இல் இருந்து நடக்கிறது. வருகிற வருடமும் நடக்கும்.

ஒப்பரேசன் செய்து ஒரு வருசம். திரும்பவும் சத்தம் கேக்குது. பிழைச்சுப் போச்சோ?

நோ, வீக்கம், பூட்டு எதுவும் இல்லாத சத்தம் என்றால் காத்திருக்கலாம். முன்பு போன அதே கனமான ‘டொக்’ திரும்பி, குதிக்கால் உயரமும் மாறியிருந்தால் மூன்று சாத்தியம். மிச்ச ஓரம் திரும்பக் கிழிந்திருக்கலாம், ஆடும் ஓரம் அன்று கவனிக்கப்படாமல் போயிருக்கலாம், அல்லது தொடை எலும்பின் வெளிக் குமிழில் கசியிழையத்தோடு ஒரு துண்டு எலும்பு தளர்ந்திருக்கலாம். டிஸ்கொய்ட் உள்ள பிள்ளைகளில் இந்த மூன்றாவதும் வருவதுண்டு. காட்டித்தான் ஆக வேண்டும்.

மற்றக் காலிலயும் இருக்குமோ? அதையும் ஸ்கான் எடுப்பமோ?

இரண்டு காலிலும் இருப்பது அபூர்வமில்லை. ஆனால் நோ இல்லாத காலை ஸ்கான் எடுத்து என்ன செய்யப்போகிறோம்? இருந்தால் ‘இருக்கு’ என்று தெரியும், வைத்தியம் ஒன்றும் இல்லை. குதிக்கால் சோதனை போதும், அதுவும் இலவசம். தங்கச்சிக்கும் பார்த்து வையுங்கள்.

கனடாவில இருக்கிற மச்சான் ஸ்கானை அங்க ஒரு டொக்டருக்குக் காட்டினவர். அவர் ஒப்பரேசன் எண்டார், இஞ்ச பொறுங்கோ எண்டினம். ஆரைக் கேக்கிறது?

அங்குள்ளவர் படத்தைப் பார்த்தார், இங்குள்ளவர் காலைப் பார்த்தார். நோ எங்கே, நிமிருதா, பூட்டுப்படுதா என்பதை வைத்துத்தான் முடிவு என்று மேலே பல தரம் சொல்லிவிட்டேன். அந்த மூன்றுக்கும் விடையைத் திகதி போட்டு எழுதி மச்சானுக்கு அனுப்புங்கள். இரண்டு டொக்டரின் பதிலும் கிட்ட வருவதை நான் பல தரம் கண்டிருக்கிறேன். வராவிட்டால் இங்கேயே இன்னொரு நிபுணரிடம் காட்டுங்கள். போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் காசில்லை, காத்திருப்புத்தான். கிளினிக் கொப்பியையும் ஸ்கான் படத்தையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

எனக்கு 52 வயசு. முழங்கால் நோவுக்கு ஸ்கான் எடுத்தால் டிஸ்கொய்டும் கிழிவும் எண்டு வந்திருக்கு. நானும் குடைஞ்சு விடட்டோ?

பிள்ளைகளுக்குச் சொன்னதை உங்களுக்கு அப்படியே சொல்ல முடியாது. 52 வருடம் அந்தத் தட்டு உங்களைச் சுமந்திருக்கிறது. இந்த வயதில் கிழிவோடு தேய்வும் சேர்ந்தே இருக்கும், நோ எதிலிருந்து என்று பிரிப்பது கஷ்டம். 2013இல் பின்லாந்தில் தேய்வால் வந்த மெனிஸ்கஸ் கிழிவு உள்ள 146 பேரில் பாதிப் பேருக்கு உண்மையான ஒப்பரேசன் செய்தார்கள், மற்றப் பாதிக்குத் துளை மட்டும் போட்டு நடித்தார்கள். ஒரு வருடம் கழித்து இரு பக்கமும் ஒரே அளவு சுகம். அது உள்பக்க மெனிஸ்கஸில், டிஸ்கொய்ட் இல்லாதவர்களில் செய்தது. அதனால் உங்கள் காலுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். ஆனாலும் குடைவதற்கு முன் அவசரப்படாமல் இருக்க அது ஒரு நல்ல காரணம்.

முதலில் மூன்று மாதம் துவாய்ப் பயிற்சி, சைக்கிள், நிறை கூட இருந்தால் கொஞ்சம் குறைப்பு. கால் உண்மையாகவே பூட்டுப்பட்டு நிமிராமல் நின்றால் மட்டும் கதை வேறு. இன்று இரவு கட்டிலில் குப்புறப் படுத்து, வீட்டில் யாரையாவது குதிக்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.